நாற்பது சதுர அடி

ஜீவராஜின் வீட்டுச் சுவரில் பூசணம் ஒன்பது சதுர அடி குறைவாக இருந்தது. குறைவாக இருந்தால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். ஜீவராஜுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அது தப்பு என்று அவனுக்குப் புரியவைக்க ஒரு பணியகமே தேவைப்பட்டது.

பூண்டுலோயாவிலிருந்து மூன்று மைல் மேலே ஏறினால் வருகிற தோட்டத்தில், பன்னிரண்டு ஒற்றையறை வீடுகள் ஒட்டி நிற்கிற லயம் ஒன்றில் ஏழாவது காம்பரா அவனுடையது. தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. மனைவி நிஷாந்தி கொழுந்து பறிக்கப் போகிறவள். ஒரே மகள் தனுஷிகாவுக்கு ஒன்பது வயது. ஓயாமல் பேசுகிற பிள்ளை. போன மழைக்காலத்திலிருந்து ஒரு கதையைச் சொல்லி முடிப்பதற்குள் நான்கு தடவை நின்று மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிவதர்சினி பிள்ளையின் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அதிகம் சிரிக்க மாட்டார்.

"பிள்ளைக்குத் தொய்வு, ஆஸ்துமா. வீட்டுக்குள்ள சுவர் ஈரமோ? கறுப்புக் கறுப்பாப் பூஞ்சணம் பிடிச்சிருக்கோ?"

"தகரத்துல ஓட்டைங்க டாக்டர். மழை பேஞ்சா சொவரு வழியா எறங்குது. புள்ள படுக்கிற பக்கம் பூராவும் கறுத்துப் போச்சுங்க" என்றாள் நிஷாந்தி.

"அதில இருந்து கண்ணுக்குத் தெரியாத தூள் பறக்கும். எல்லாருக்கும் அது ஒண்டும் செய்யாது. இவவின்ர மூச்சுக்குழாய் அது பட்டவுடனே சுருங்குது. வாயில அடிக்கிற பம்ப் தாறன். ஆனா பம்ப் மட்டும் காணாது. பிள்ளையை வெளியில அனுப்பிப்போட்டு, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு சவர்க்காரத் தண்ணியால சுவரைத் தேய்ச்சுக் கழுவுங்கோ. ஜன்னலைத் திறந்து விடுங்கோ. கூரையைத் திருத்துங்கோ. கூரை ஒழுகினா அது திருப்பியும் வரும்."

கழுவுவதும் திறப்பதும் அவர்கள் கையில் இருந்தன. கூரை இல்லை. ஜீவராஜ் தோட்டத்து ஆபீசுக்குப் போனான். அங்கே கிளாக்கர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கூரை இப்ப நம்ம பொறுப்பு இல்ல. ஹட்டன்ல ஈர ஆபீஸ் தொறந்துருக்காங்க. அங்க போ."

ஈர ஆபீஸின் முழுப் பெயர் 'உள்ளக ஈரப்பத முகாமைத்துவப் பணியகம்'. ஒரு புடவைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஜீவராஜ் அசந்து போனான். அறையின் மூலையில் ஒரு வெள்ளை யந்திரம் முனகிக்கொண்டு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, கீழே இருந்த வாளியில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது.

"இதத்தான் வீடுகளுக்குக் குடுப்பீங்களாங்க சார்?"

கள உத்தியோகத்தர் குகநேசன் அவனை ஆதரவாகப் பார்த்தார். நல்ல மனுசன். வருகிறவர்களை உட்கார வைத்துத்தான் இல்லை என்று சொல்வார்.

"சீச்சீ, இது கோப்புகளுக்கு. போன மாரியில விண்ணப்பக் கோப்புகளில பூஞ்சணம் பிடிச்சிட்டுது தம்பி. மேலிடத்துக்கு எழுதி ஒரு கிழமையில எடுத்திட்டம். கோப்பு எண்டா சும்மாவே? ஒருக்காப் பழுதாப் போனா திருப்பி வராது."

அடுத்த வாரமே அவர் லயத்துக்கு வந்தார். கட்டம் போட்ட கண்ணாடித் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி ஒட்டி, கறுப்பு விழுந்த கட்டங்களை எண்ணினார். தனுஷிகா கட்டிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டே அவருக்கு எண்ணிக்கையில் உதவி செய்தாள். பச்சையாக இருந்ததை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. பச்சை, பாசி இனமாம். பாசி அவர்கள் பொறுப்பில் வராதாம். சுற்றறிக்கையில் இருப்பது கரும்படிவு மட்டும்தான்.

"முப்பத்தொண்டு" என்றார். அவர் முகம் உண்மையாகவே வாடிப்போனது. "நாற்பது இருந்தா முதலாந் தரம். புதுத் தகரம் கிடைக்கும். நாற்பதுக்குக் குறைஞ்சா இரண்டாந் தரம். விழிப்புணர்வுக் கையேடுதான்."

"சார், புள்ளைக்கு இழுப்பு. டாக்டர் கடுதாசி இருக்கு."

"கடிதத்தைக் கோப்பில போடுறன், மேலிடம் அதுக்கு இன்னும் முடிவு சொல்லேல்ல. நோய் வருத்தம் எண்டா அது ஆஸ்பத்திரி. எங்களுக்குச் சுவர்தான் நோயாளி. ஆனா ஒரு வழி இருக்கு. ஆறு கிழமையில மறு அளவீடு கேட்கலாம். அதுவரைக்கும் சுவரைத் தொடப்படாது. கழுவினா விண்ணப்பம் ரத்து." அவர் பையிலிருந்து மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்றை எடுத்துச் சுவரில் ஒட்டினார். 'பரிசீலனையில் உள்ள சுவர்' என்று மூன்று மொழிகளிலும் அச்சடித்திருந்தது.

அவர் தலை மறைந்ததும் நிஷாந்தி வாளியோடு வந்து நின்றாள். முகத்தில் துணி கட்டியிருந்தாள். சவர்க்காரத் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது.

"நகருங்க. நான் கழுவப் போறேன்."

"தொடாத நிஷாந்தி."

"டாக்டரம்மா சொன்னது ஒங்க காதுல விழலியா?"

"விழுந்துச்சு. இப்பக் கழுவுனா தகரம் வராது. தகரம் வரலேன்னா பூசணம் மறுபடி வரும். ஆறு வாரம் பொறுத்துக்கிட்டா அதுக்கப்புறம் எப்பவும் வராது. நீயே ரோசிச்சுப் பாரு."

அவன் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை. ஓட்டையெல்லாம் கூரையில்தான் இருந்தது. நிஷாந்தி யோசித்தாள். ஜீவராஜ் அவள் கையிலிருந்து வாளியை மெதுவாக வாங்கி, தண்ணீரை வாசலோரக் கழிவுநீர்க் காணில் கொட்டினான். பின்னால் பல நாள் அவன் நினைத்து நினைத்துக் குமைந்தது அந்த ஒரு காரியத்தைத்தான். அவள் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்கலாம் என்றுகூட ஒரு சமயம் நினைத்தான். நினைத்ததற்காக வேறு வெட்கப்பட்டான்.

முதல் வாரம் அவன் ஒன்றும் செய்யாமல் இருந்தான். இரண்டாவது வாரம் குளிருக்காக ஜன்னலைச் சாத்தினான். குளிரும் இருந்தது, பொய்யில்லை. மூன்றாவது வாரம், நிஷாந்தி கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டி மலையில் நனைத்துக்கொண்டு வந்த படங்குச் சாக்கை வெளியே கொடியில் போடாமல் சுவரோரமாகவே தொங்கவிட்டான். பக்கத்து வீட்டு ஆண்டியப்பன், ஆட்டோ ஓட்டுகிறவன், எட்டிப் பார்த்து வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டுப் போனான். அவன் சுவரில் நாற்பத்து நான்கு அடி இருந்தது. அவன் வீட்டில் யாருக்கும் தும்மல்கூடக் கிடையாது.

"மேக்கால பக்கம் சொவரு அப்படி, ஜீவா. நமக்கு வாச்சது" என்றான் பெருமையாக.

பூசணம் எவ்வளவு ஏறுகிறது என்று தெரிய, ஜீவராஜ் அதன் ஓரங்களில் வெள்ளைக் கோடு போட்டு, தேதியும் எழுதினான். கோட்டைத் தாண்டியிருந்தால் மனதுக்குள் ஒரு குளிர்ச்சி. தாண்டாவிட்டால் அன்று முழுவதும் ஸ்டோரில் எவனோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டான். காலையில் எழுந்ததும் மகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு வந்துவிட்டது. ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது தனுஷிகா உதட்டைக் குவித்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவுப்பா?" என்று கேட்டாள்.

"முப்பத்தாறு இருக்கும்" என்றான். சொன்ன பிறகுதான் பம்ப்பைத் தேடி எடுத்தான்.

நான்காவது வாரம் பணியகம் தோட்டத்து மண்டபத்தில் 'சுவர்ப் பராமரிப்புப் பயிலரங்கு' நடத்தியது. மறு அளவீடு கேட்ட குடும்பங்கள் எல்லாம் பிள்ளை குட்டிகளோடு வரவேண்டும் என்று உத்தரவு. பணிப்பாளர் ஜெயரத்தினம் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையேறினார்.

"அன்பார்ந்த விண்ணப்பதாரர்களே! எமது பணியகம் ஆரம்பிக்கப்பட்டபோது நாம் பதிவுசெய்த கரும்படிவு வெறும் பன்னிரண்டாயிரம் சதுர அடி. இன்று முப்பத்தோராயிரம்! மூன்றே ஆண்டுகளில் இத்தகைய வளர்ச்சியை வேறு எந்தப் பணியகமும் காட்டியதில்லை."

முன்வரிசை உத்தியோகத்தர்கள் கைதட்டினார்கள். பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள்.

"சிலர் கேட்கிறார்கள், சுவரைக் கழுவினால் என்ன என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். கழுவிய சுவரை எப்படி அளப்பது? அளக்காததை எப்படி அறிக்கையில் சேர்ப்பது? அறிக்கையில் இல்லாத மக்களுக்கு நான் எப்படிச் சேவை செய்வது? கரும்படிவு ஒழிந்தால் பணியகம் ஒழியும். பணியகம் ஒழிந்தால் உங்களைக் கரும்படிவிலிருந்து காப்பாற்றுவது யார்?"

இந்த இடத்தில் தனுஷிகாவுக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தாள். அடக்க அடக்க அது விசில் மாதிரிக் கிளம்பியது. பணிப்பாளர் பேச்சை நிறுத்திக் கையை உயர்த்தினார்.

"அந்தப் பிள்ளையைச் சற்று வெளியே வைத்திருங்கள். உரை ஒலிப்பதிவாகிறது."

நிஷாந்தி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். ஜீவராஜும் எழுந்தான். அதற்குள் குகநேசன் ஒலிவாங்கியில் அவன் பெயரை வாசித்துவிட்டார். தேதி போட்டுக் கோடு கிழித்திருந்ததை அவர் போன வாரம் படம் எடுத்துப் போயிருந்தார். அதற்காக 'முன்மாதிரிச் சுவர்ப் பராமரிப்பாளர்' என்று ஒரு சான்றிதழ். ஜீவராஜ் ஒரு கணம் கதவைப் பார்த்தான், ஒரு கணம் மேடையைப் பார்த்தான். பிறகு மேடைக்குப் போனான். படம் எடுக்கிறவன் சிரிக்கச் சொன்னான். வெளியிலிருந்து இருமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் சிரித்தான்.

மறு அளவீட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடைமழை. சுவர் முப்பத்தொன்பதரையில் நின்றது. தனுஷிகா சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் அவளால் 'அப்பா' என்ற சொல்லைக்கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை. பம்ப்பை எட்டுத் தடவை அழுத்தியும் இழுப்பு அடங்கவில்லை. உதடு சாம்பல் பூத்தது. ஆண்டியப்பன் மழையில் ஆட்டோவை எடுத்தான். அந்த வளைவுகளில் அவன் எங்கும் வேகத்தைக் குறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிள்ளையின் விலா எலும்புகள் உள்ளே குழி விழுவது நின்றது. டாக்டர் சிவதர்சினி பிள்ளையின் நோய் விவரம் எழுதுகிற கிளினிக் கொப்பியைத் திறந்தார்.

"நான் சொன்னமாதிரிச் சுவரைக் கழுவினனீங்களோ?"

நிஷாந்தி கணவனைப் பார்த்தாள். டாக்டரின் பேனா காத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் தாய்மார்கள் நின்றார்கள்.

"கழுவுனோங்க டாக்டர்" என்றான் ஜீவராஜ்.

"வடிவா? முழுக்கத் தேய்ச்சோ?"

"வடிவாத்தாங்க."

நிஷாந்தி தரையைப் பார்த்தாள்.

"அப்ப காரணம் சுவர் இல்லைப் போல" என்று டாக்டர் எழுதினார். 'சுவர் கழுவப்பட்டது. முன்னேற்றம் இல்லை.' கூடுதலாக ஒரு மாத்திரை எழுதினார். பிறகு நேராகப் பிள்ளையிடமே கேட்டார். "வீட்டில பூனை, நாய் ஏதும் வளக்கிறீங்களோ?"

தனுஷிகா மூடிக்குள்ளிருந்து தலையாட்டினாள். சீனி என்று ஒரு வெள்ளைப் பூனை. ராத்திரியில் அவள் காலடியில்தான் படுக்கும்.

"கொஞ்சக் காலத்துக்கு அதை வேற எங்கையும் விடுங்கோ."

வட்டகொடையில் இருக்கிற நிஷாந்தியின் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பூனையைப் பெட்டியில் வைத்து மடியில் தூக்கிப் போனது தனுஷிகாதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அழவில்லை. "நான்தானேப்பா சீனியக் கட்டிலுக்குத் தூக்குனேன். எனக்கு இழுப்பு வந்தது என்னாலதான், என்ன?" என்று கேட்டாள். ஜீவராஜ், "அப்படியெல்லாம் இல்லடா" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

இதற்கிடையில், செவ்வாய்க்கிழமை, மறு அளவீடு நடந்தது. நாற்பத்தொன்று. குகநேசன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிளினிக் கொப்பியின் பிரதி ஒன்று கோப்புக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

"இனிக் கழுவலாமாங்க?"

"தாராளமா. அளந்த பிறகு சுவர் உங்கட."

அன்று பின்னேரமே நிஷாந்தி கழுவினாள். மூன்று முறை தேய்த்தாள். அவனை உதவிக்குக் கூப்பிடவில்லை. தகரம் வரும்வரை ஓட்டைக்குக் கீழே பொலித்தீன் தாள் கட்டினார்கள், ஜன்னலைத் திறந்தே வைத்தார்கள். கழுவிய மூன்றாவது வாரம் தனுஷிகா ஒரு முழுக் கதையை மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தாள். "பாத்தீங்களா, சீனி போனதும் சரியாயிருச்சு" என்றாள்.

தகரம் கையளிக்கும் வைபவமும் அதே மண்டபத்தில்தான். பணிப்பாளர் இம்முறை விஞ்ஞானம் பேசினார்.

"பூஞ்சணத்தால் ஆஸ்துமா என்று சில வைத்தியர்கள் கடிதம் எழுதி எமது வேலையைக் குழப்புகிறார்கள். இதே தோட்டத்தில் ஒரு பிள்ளை. சுவர் கழுவப்பட்டது. ஆஸ்பத்திரியே எழுதியிருக்கிறது. கழுவிய பிறகுதான் பிள்ளைக்கு நோய் கடுமையானது! ஆகவே சுவருக்கும் மூச்சுக்கும் தொடர்பில்லை என்பது எமது பணியகத்தால் நிரூபிக்கப்பட்டுள்ளது. இன்றிலிருந்து வைத்தியக் கடிதங்கள் ஏற்கப்பட மாட்டா. ஏற்கெனவே தந்தவர்கள் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்."

ஜீவராஜுக்கு முன்னால் மூன்றாம் காம்பரா பிரியந்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு வயதுக் குழந்தை, பூனைக்குட்டி மாதிரிக் கீச்சுக் கீச்சென்று மூச்சு. அவள் சுவரில் இருபத்தேழு அடிதான். கையில் இருந்த கடிதத்தை நம்பித்தான் வந்திருந்தாள். குகநேசன் வந்து, அவளைக் கும்பிடாத குறையாக, அந்தக் கடிதத்துக்கு இனி வேலை இல்லை என்று விளக்கினார்.

"அப்ப நான் என்ன சார் செய்யிறது?"

"சுவரைத் தொடாம இருங்கோ தங்கச்சி. கூடும்."

ஜீவராஜ் எழுந்து போய் குகநேசனின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"சார், அது எம் புள்ள. நான் சொன்னது பொய்ங்க. சொவரக் கழுவவே இல்ல. நீங்க ரெண்டாவது தரம் அளந்தப்ப நாப்பத்தொண்ணு வந்துச்சே, கழுவுன சொவருல எப்படிங்க நாப்பத்தொண்ணு வரும்?"

குகநேசன் ஒருமுறை மேடைப் பக்கம் பார்த்துக்கொண்டார். அவருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை.

"அளவீடு ஒரு கோப்பு, ஆஸ்பத்திரி ஒரு கோப்பு தம்பி. ரெண்டும் சந்திக்கிறேல்ல" என்றார் மெதுவாக. "பேசாம தகரத்தைக் கொண்டு போங்கோ. கூற்றை மாத்திறதெண்டா கழுவாத சுவரைக் காட்டவேணும். இப்ப கழுவிப்போட்டியள். இல்லாட்டி டாக்டரே திருத்தி எழுதவேணும்."

தகரத்தை ஆண்டியப்பனின் ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஜீவராஜ் மறுநாள் காலை தனுஷிகாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். அன்று கிளினிக் நாள் இல்லை. பிள்ளையை வெளியே நீள வாங்குப் பலகையில் உட்கார வைத்துவிட்டு, வெளிநோயாளர் வரிசையில் பதினொரு மணி வரை நின்றான். முறை வந்ததும் உட்காராமலே சொன்னான். வாளியைக் கொட்டியதிலிருந்து தொடங்கினான். சாக்கைத் தொங்கவிட்டதையும், மண்டபத்தில் பிரியந்தியின் கடிதத்தைத் தள்ளியதையும் சொன்னான். "வளத்தேங்க டாக்டர். புள்ளைக்குப் பக்கத்துலயே வச்சு வளத்தேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கொப்பியை வாங்கி, பழைய வரியை ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் எழுதிக்கொண்டே வாசித்தார். "சுவர் கழுவப்படவில்லை. தகப்பன் முன்பு சொன்னது பொய். கழுவிய பின் முன்னேற்றம் உண்டு." முத்திரை குத்தினார். "அந்த மாத்திரையை நான் இந்தப் பிள்ளைக்குத் தந்திருக்கவே தேவையில்லை. விளங்குதோ?"

"வெளங்குதுங்க."

"இதின்ர பிரதியை அந்த ஒபிசரிட்ட குடுங்கோ. அவர் வாங்கமாட்டன் எண்டா வாசலில நிண்டு குடுங்கோ. அந்தப் பிரியந்தியின்ர குழந்தையை நாளைக்கே கொண்டுவரச் சொல்லுங்கோ." அடுத்த நோயாளியின் துண்டைக் கையில் எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளைக்குத் தெரியுமோ?"

"இல்லைங்க. பூனையாலதான்னு நெனச்சிக்கிட்டு இருக்கு. தன்னாலதான்னு."

"முதல்ல அவவிட்டப் போய்ச் சொல்லுங்கோ. எனக்குச் சொன்னது பெரிய காரியம் இல்லை."

வெளியே தனுஷிகா வாங்கின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டாள். 

"டாக்டரம்மா ஏசினாங்களாப்பா?"

"இல்ல."

"பின்ன ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்க?"

பூண்டுலோயா பஸ் வந்து வாசலில் நின்றது. கண்டக்டர் தட்டித் தட்டி ஆள் கூப்பிட்டான். தனுஷிகா எழுந்தாள். ஜீவராஜ் அவள் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தான். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.